பெட்டிக்குள்ளே பாதி மெஷின்

1960-களின் தொடக்கத்தில் ஒரு டச்சு என்ஜினீயர் தன் கோட்டுப் பாக்கெட்டுக்குள் சரியாக நுழைகிற அளவில் ஒரு மரக்கட்டையைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். பெயர், லூ ஒட்டென்ஸ். பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற ஊரில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் வேலை. புதுச் சரக்கு உருவாக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இனிமேல் செய்யப்போவது இந்தக் கட்டையின் அளவுக்குள் அடங்கவேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

அந்தக் கட்டை பத்திரமாக இருந்திருந்தால் இன்றைக்கு ஏதாவது மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜமரியாதையோடு உட்கார்ந்திருக்கும். கொடுத்துவைக்கவில்லை. ஒருநாள் ஒட்டென்ஸின் கார் டயர் பஞ்சர். ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். கைக்குக் கிடைத்தது அந்தக் கட்டைதான். டயர் மாறியது. கட்டை போயே போச்சு.

போனால் போகிறது. அதிலிருந்து பிறந்த சமாசாரம் உங்கள் வீட்டுப் பரண்மேல் இன்னமும் ஒரு பழைய ஷூ டப்பாவுக்குள் பத்தோ இருபதோ கிடக்கும். ஆடியோ கேசட்.

இதுவரை உலகத்தில் 10 ஆயிரம் கோடி கேசட்டுகள் விற்றிருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அதில் நம் பங்கும் கணிசம். ஆனால் பாட்டுக் கேட்ட நேரத்தில் நூறில் ஒரு பங்காவது அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று யோசித்திருப்போமா? இத்தனைக்கும் உள்ளே ஒரு சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. பிளாஸ்டிக், நாடா, ஒரு தகடு, அஞ்சு ஸ்க்ரூ. பி.காம். படித்த எனக்கே புரிகிற மெக்கானிசம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், கேசட்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்பூல் டேப். பழைய சினிமாக்களில் சி.ஐ.டி. ஆபீசர்கள் ஒட்டுக்கேட்பார்களே, இரண்டு பெரிய சக்கரம் சுற்றுமே, அதுதான். நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். ஒரு சக்கரத்திலிருந்து நாடாவை விரலால் இழுத்து, ஹெட்டுக்கு முன்னால் வளைத்து, ரோலருக்கு நடுவே நுழைத்து, அடுத்த சக்கரத்தில் செருகி, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போடவேண்டும். பாதியில் கை நழுவினால் கதை கந்தல். நூறு மீட்டர் நாடா தரையில் ஓடும். அதைப் பொறுக்கிச் சுற்றுவதற்குள் பாட்டே மறந்துபோகும்.

ஒட்டென்ஸின் குழு அதற்கு முன்பே கைப்பிடி வைத்த ஒரு ஸ்பூல் ரெக்கார்டரைச் செய்து, அது 10 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. மற்ற ஆளாக இருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதே மாடலில் கலரை மாற்றி ஓட்டியிருப்பார். ஒட்டென்ஸுக்கோ ஸ்பூல் என்றாலே எரிச்சல். விரல் நாடாவில் படவே கூடாது என்று முடிவு கட்டினார்.

இந்த யோசனை அவருக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி 1958-லேயே இரண்டு சக்கரத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு விற்றுப் பார்த்தது. பெட்டி ஒரு நாவல் சைஸ். விலை போகவில்லை. 1964-ல் பில் லியர் என்கிற அமெரிக்கர் எட்டு ட்ராக் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார். அதில் ஒரே ஒரு சக்கரம்தான். நடுவயிற்றிலிருந்து நாடாவை உருவி, வெளிப்பக்கமாகத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். முடிவே இல்லாத வளையம். ஃபோர்டு கார்களில் எல்லாம் மாட்டினார்கள். ஓஹோவென்று ஓடியது. ஆனால் ரீவைண்ட் பண்ண முடியாது. பாட்டின் நடுவே ‘டக்’கென்று ட்ராக் மாறும். பாடகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து மறுபடி பாடுவது மாதிரி இருக்கும்.

ஒட்டென்ஸ் குழு இதைவிடச் சின்னதாக ஒன்றைச் செய்தது. எப்படி முடிந்தது? பரண்மேல் இருப்பதில் ஒன்றை எடுத்து வாருங்கள். சொல்கிறேன்.

நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஸ்பூல் நாடாவில் ஏறக்குறைய அறுபது சதவிகிதம். ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். வீட்டு ஸ்பூல் மெஷின்கள் அநேகமாக இதைப்போல் இரண்டு மடங்கு அல்லது நான்கு மடங்கு வேகத்தில் ஓடியவை. வேகம் குறைந்தால் நாடா மிச்சம், தரம் நஷ்டம். அதைப்பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. காரணம், இது பாட்டுக் கேட்பதற்காகச் செய்ததே இல்லை. ஆபீசில் கடிதம் சொல்ல, நிருபர் பேட்டி எடுக்க. மனிதக் குரல் புரிந்தால் போதும்.

இப்போது பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சக்கரங்களைப் பாருங்கள். ஸ்பூல் சக்கரங்களுக்கு இருப்பதுபோல இவற்றுக்கு மேலும் கீழும் தட்டு கிடையாது. வெறும் குமிழ். இரண்டு குமிழ்களின் நடுமையங்களுக்கு இடையே உள்ள தூரம் 42.5 மில்லிமீட்டர். நாடா முழுதாகச் சுற்றிய சக்கரத்தின் விட்டமோ ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். அப்படியென்றால் இரண்டு முழுச் சக்கரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவே முடியாது, இடிக்கும். ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் நிறைந்திருக்கப் போவதில்லையே! ஒன்று இளைத்தால்தான் மற்றது பெருக்கும். சரிபாதியில் இருக்கும்போதுகூட ஒவ்வொன்றும் 38 மில்லிமீட்டர்தான். இடிக்காது. தட்டை எடுத்துவிட்டதால், இரண்டு பேர் ஒரே இடத்தை முறைபோட்டு அனுபவிக்கிறார்கள். சென்னையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இரண்டு பேச்சிலர்கள் ஒரே கட்டிலுக்கு வாடகை கொடுப்பது மாதிரி.

எனக்கு இந்தப் பெட்டியிலேயே ரொம்பப் பிடித்த சமாசாரம் இன்னொரு கணக்கு. 60 நிமிடக் கேசட்டில், அதாவது பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடுவதில், ஏறக்குறைய 86 மீட்டர் நாடா. அதன் தடிமன் 18 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 90 நிமிடக் கேசட்டில் 129 மீட்டர். தடிமன் 12 மைக்ரான். 120 நிமிடத்தில் 171 மீட்டர். தடிமன் 9. நீளத்தையும் தடிமனையும் பெருக்கிப் பாருங்கள். மூன்றுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். பட்ஜெட் மாறவே மாறாது. பெட்டிக்குள் இருக்கும் இடம் அவ்வளவுதான். நீளம் வேண்டுமா, பருமனை விட்டுக்கொடு. டீக்கடையில் பாலைக் கூட்டாமல் டீயைக் கூட்டுவது எப்படியோ, அப்படி. 120 நிமிடக் கேசட் வாங்காதீர்கள், சிக்கிக்கொள்ளும் என்று ரெக்கார்டிங் கடைக்காரர்கள் அடித்துச் சொன்னார்களே, அதன் காரணம் இந்தப் பெருக்கல்தான். 9 மைக்ரான் நாடா, இழுத்தால் நீளும், திரும்பினால் மடங்கும்.

சரி, ஒரு கேள்வி. கேசட் பாடும்போது நாடாவை இழுப்பது எது?

பத்துக்கு ஒன்பது பேர் அந்த இரண்டு சக்கரங்களைக் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிவது அவைதானே! ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். காலியான குமிழின் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். நிறைந்ததும் 50. சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றி நாடாவை இழுத்தால், ஆரம்பத்தில் மெதுவாக வரும் நாடா, கடைசியில் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக வரும். எஸ்.பி.பி. கொஞ்சம் கொஞ்சமாக எஸ்.ஜானகி ஆகிவிடுவார்.

நிஜமாக இழுப்பது வேறொரு ஆள். கேசட்டின் கீழ்ப்பக்கம், சற்றே புடைத்திருக்கிற பகுதியில் சின்னதாக வட்ட ஓட்டைகள் இருக்கும். பிளேயரில் கேசட்டைப் போட்டதும் அந்த ஓட்டை வழியாக நாடாவுக்குப் பின்னால் ஓர் எஃகுக் கம்பி நுழைந்து நிற்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமன்தான். பெயர் கேப்ஸ்டன். ‘ப்ளே’ பட்டனை அழுத்தியதும் முன்பக்கமிருந்து ஒரு ரப்பர் ரோலர் வந்து, நாடாவை அந்தக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கும். மெக்கானிக்குகள் பிஞ்ச் ரோலர் என்பார்கள். கம்பி சுற்றும், நாடா நகரும். கரும்பு மெஷினில் கரும்பு போகிறதே, அதே கதைதான். இங்கே சாறு பிழிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கம்பியின் விட்டம் மாறாதது. ஆகவே நாடாவின் வேகமும் மாறாது. அந்த வேகம் துளி ஆடாமல் இருக்கவேண்டும் என்பதற்காகக் கம்பியின் அடியில் கனமான ஒரு சக்கரத்தை வேறு மாட்டியிருப்பார்கள்.

அப்படியானால் அந்த இரண்டு சக்கரங்களுக்கு என்ன வேலை? ஒன்றுக்கு, கொடுப்பது. சும்மா கொடுத்தால் போதாது, லேசான பிடிமானத்தோடு கொடுக்கவேண்டும், தொளதொளவென்று விடக்கூடாது. இன்னொன்றுக்கு, வந்த நாடாவைச் சுருட்டிக்கொள்வது. சுருட்டுகிற சக்கரத்தைச் சுற்றும் அச்சில் வழுக்கும் கிளட்ச் ஒன்று வைத்திருப்பார்கள். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 41 சுற்று. கடைசியில் 18 சுற்று. வருகிற சரக்குக்கு ஏற்றபடி அதுவே வழுக்கி வழுக்கித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓர் ஓட்டை. கேப்ஸ்டன் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுருட்டவேண்டிய சக்கரம் எதனாலோ நின்றுவிட்டது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், கேசட்டே இறுகியிருக்கலாம். என்ன ஆகும்? கேப்ஸ்டனுக்கு அதெல்லாம் தெரியாது. கடமையே கண்ணாக நாடாவைத் தள்ளும். போக இடமில்லாத நாடா ரப்பர் ரோலரில் ஒட்டிக்கொண்டு அதையே சுற்ற ஆரம்பிக்கும். ரோலரில் அழுக்கும் பிசுக்கும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டு முதலில் அழும். அப்புறம் நிற்கும். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து இடியாப்பம் வரும்.

அப்போது நாம் செய்த வைத்தியம் தெரிந்ததுதானே? குமிழின் உட்புறம் ஆறு பல் இருக்கும். ஆறு பட்டை வைத்த பென்சில் அதில் கச்சிதமாகப் பொருந்தும். மின்சாரம் விலை உயர்ந்த பேட்டரியிலிருந்து வந்த காலத்தில் ரீவைண்ட் செய்வதற்கும் அதே பென்சில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேப்ஸ்டனும் ரோலரும் ஹெட்டும் பிளேயரில் இருக்கின்றன. ஆனால் ஸ்பூல் மெஷினில் மெஷினோடு இருந்த பல பாகங்களை ஒட்டென்ஸ் குழு கேசட்டுக்குள் மாற்றிவிட்டது. நாடாவைத் திருப்பிவிடும் மூலை ரோலர்கள் இரண்டு. நாடாவின் ஓரம் உரசிக் கிழியாமல் இருக்க, மேலும் கீழும் வழுவழுப்பான இரண்டு தாள்கள். குமிழுக்கு எடுத்துவிட்ட தட்டின் வேலையை இவைதான் செய்கின்றன. பிறகு, நடுவில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு, அதன் நெற்றியில் பொட்டு வைத்தது மாதிரி ஒரு கம்பளித் துணுக்கு. ஹெட் முன்னால் வந்து நிற்கும்போது, பின்னாலிருந்து நாடாவை அதன்மேல் அழுத்திப் பிடிப்பது இந்தத் துணுக்குத்தான்.

துணுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் 10 ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்தால், ஓர் அலைக்கு நாடாவில் கிடைக்கும் இடம் 5 மைக்ரானுக்கும் குறைவு. ஹெட்டிலிருந்து நாடா ஒரே ஒரு மைக்ரான் விலகினால் போதும், அந்த ஒலியின் வலு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஜால்ரா சத்தம் போய்விடும், சலங்கை போய்விடும். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

அதாவது, பிளேயர் எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் பாட்டின் தலையெழுத்து அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் கையில். மெஷினில் பாதி, பெட்டிக்குள். அதுவும் விலை குறைந்த பாதி! மூலை ரோலரை மிச்சம் பிடித்து வெறும் பிளாஸ்டிக் கம்பம் வைத்தவர்கள் உண்டு. வழுவழுப்புத் தாளுக்குப் பதில் சாதாரணத் தாள் போட்டவர்கள் உண்டு. ஸ்க்ரூவை மிச்சம் பிடித்து ஒட்டியே விட்டவர்கள் எக்கச்சக்கம். ‘கீச் கீச்’சென்று கத்திக்கொண்டே ஓடிய கேசட்டுகள் எல்லாம் இந்த மிச்சத்தின் பலன்தான்.

ஒட்டென்ஸ் செய்தது தப்பா? தரம் என்று பார்த்தால் தப்பு என்றுதான் தோன்றும். வியாபாரம் என்று பார்த்தால் இதைவிடப் பிரமாதமான முடிவு கிடையாது. எப்படி என்று பார்க்கலாம்.

1963 ஆகஸ்ட் 30. பெர்லினில் ரேடியோ கண்காட்சி. பிலிப்ஸ் தன் குட்டிக் கேசட்டையும் ரெக்கார்டரையும் காட்சிக்கு வைத்தது. சிகரெட் பெட்டியைவிடச் சின்னது என்று விளம்பரம். கூட்டம் ஒன்றும் அலைமோதிவிடவில்லை. ஆனால் ஜப்பானியர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று ஒட்டென்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சீக்கிரத்திலேயே ஆளுக்கொரு அளவில் காப்பிகள் முளைத்தன. ஜெர்மனியின் க்ரூண்டிக் கம்பெனியோ 1965-ல் தனக்கென்று ஒரு கேசட்டையே கொண்டுவந்துவிட்டது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று இன்னொன்றின் மெஷினில் ஓடாது.

பிலிப்ஸ் ஜப்பான் கம்பெனிகளோடு பேச்சு நடத்தியது. அங்கே விற்கும் ஒவ்வொன்றுக்கும் 25 யென் ராயல்டி கேட்டார்கள். சோனியின் சார்பில் பேசியவர் நோரியோ ஓகா. முறைப்படி சங்கீதம் படித்த பாடகர், பேரத்திலும் சுருதி தப்பாதவர். முடியாது என்றார். பிலிப்ஸ் 6 யென்னுக்கு இறங்கியது. அதற்கும் முடியாது. க்ரூண்டிக்கின் வாசல் திறந்திருக்கிறதே! கடைசியில் 1965-ல் பிலிப்ஸ் ஒரேயடியாக இறங்கிவந்தது. ராயல்டியே வேண்டாம். சோனிக்கு மட்டுமல்ல, யார் கேட்டாலும் இலவசம். ஒரே நிபந்தனை: அளவை மாற்றக்கூடாது. ஓட்டை இருக்குமிடம், நாடாவின் அகலம், வேகம் எல்லாம் பிலிப்ஸ் சொன்னபடிதான்.

அக்கவுன்ட்ஸ் புத்தகத்தை மட்டும் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். கோடி கோடியாக வந்திருக்கவேண்டிய வருமானத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு பூஜ்யம். ஆனால் சில வருடங்களில் க்ரூண்டிக்கின் கேசட் இருந்த இடம் தெரியவில்லை. ஹாங்காங்கில் செய்த கேசட் நெதர்லாந்தில் செய்த மெஷினில் ஓடியது. டோக்கியோவில் செய்த மெஷினில் தில்லியில் செய்த கேசட் ஓடியது. பிலிப்ஸ் மெஷின்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து விற்றன. பாதி மெஷினைப் பெட்டிக்குள் வைத்த புத்தி இங்கேதான் வேலை செய்தது. பெட்டி அளவு சரியாக இருந்தால் போதும், எவன் வேண்டுமானாலும் செய்யலாம். செய்யத் தெரியாதவன் செய்தாலும் ஏதோ ஒரு மாதிரி பாடும்!

ஸ்டீரியோ வந்தபோதும் பிலிப்ஸ் இந்தக் கொள்கையை விடவில்லை. இடது, வலது ட்ராக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். அதனால் பழைய மோனோ மெஷினின் ஹெட் இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். வாடிக்கையாளர் வாங்கிவைத்த பழைய சொத்து எதுவும் குப்பைக்குப் போகவில்லை.

அதன்பிறகு கெட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து குரலுக்காகச் செய்த பெட்டியைப் பாட்டுக்குத் தயார் செய்தார்கள். டால்பி இரைச்சலைக் குறைத்தார். க்ரோமியம் டையாக்சைடு பூசிய நாடா வந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி, நாடா சீராகச் சுற்றுவதற்காகப் பெட்டிக்குள் இரண்டு வழிகாட்டிக் கைகளையே வைத்தது. ஜப்பானின் நாகமிச்சி கம்பெனிக்கு பெட்டியின்மேல் துளி நம்பிக்கை இல்லை. இரண்டு கேப்ஸ்டன் வைத்து நாடாவை இரண்டு பக்கமும் தானே பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பளித் துணுக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டது. ‘நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிற தோரணை. 1980-களில் அவர்கள் செய்த ஒரு மெஷின், ஒரு பக்கம் முடிந்ததும் கேசட்டை வெளியே தள்ளி, கையால் திருப்புவது மாதிரியே திருப்பி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

1979 ஜூலையில் சோனி வாக்மேனை இறக்கியது. அந்த யோசனை தன் கம்பெனிக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் ஒட்டென்ஸுக்குக் கடைசிவரை இருந்தது. பாக்கெட்டில் கட்டையை வைத்துப் பார்த்த மனுஷன், வருத்தம் இருக்காதா?

ஆனால் கேசட்டின் நிஜமான ஆட்டம் இந்த உயர்ந்த ரகங்களில் நடக்கவில்லை. மட்ட ரகப் பெட்டிகளில்தான் நடந்தது. 1978-ல் அயதுல்லா கொமேனி பாரிஸுக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கியிருந்தார். ஈரானில் ரேடியோவும் டி.வி.யும் மன்னர் ஷாவின் கையில். கொமேனியின் பேச்சு டெலிபோன் வழியாக டெஹ்ரானுக்குப் போய், அங்கே கேசட்டில் பதிவாகி, அதிலிருந்து இன்னொன்று, இன்னொன்று என்று பெருகியது. ஜால்ரா சத்தம் கேட்காவிட்டால் என்ன? குரல் புரிந்தது. ஒட்டென்ஸ் அதற்குத்தானே செய்திருந்தார்! 1979 பிப்ரவரியில் ஷாவின் ஆட்சி முடிந்துபோனது.

இந்தியாவில் அதுவரை பாட்டு என்றால் இசைத்தட்டு, இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் எச்.எம்.வி. தட்டு அச்சடிக்க ஒரு ஃபாக்டரி வேண்டும். கேசட்டுக்கு இரண்டு டெக்கும் ஒரு ஒயரும் போதும். தில்லி தரியாகஞ்சில் பழரசக் கடை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த குல்ஷன் குமார், டி-சீரிஸ் என்ற பெயரில் மலிவு விலைக் கேசட்டுகளைக் கொட்டினார். 1980-களில் நாட்டின் பாட்டு வியாபாரம் ஏறக்குறைய மொத்தமும் தட்டிலிருந்து கேசட்டுக்கு இடம் பெயர்ந்தது.

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். பேப்பரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொடுத்தால், சாயந்திரம் 60 நிமிடக் கேசட்டில் வரிசையாக வாங்கிக்கொள்ளலாம். காப்பிரைட் சட்டம் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் பதிய முடியாது. மெஷினில் ஒரு நெம்பு வந்து தடவிப் பார்க்கும், துண்டு இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. கம்பெனிக் கேசட்டுகள் உடைத்தேதான் வரும். நாம் விடுவோமா? ஓட்டைமேல் செல்லோடேப் ஒட்டினோம். சாமி பாட்டுக் கேசட்டில் பாதி அழிந்து, அதன்மேல் குழந்தையின் முதல் மழலை, கல்யாணத்தில் தாத்தா செய்த ஆசீர்வாதம், துபாயிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த அப்பாவின் குரல்.

அவைதான் இப்போது பரண்மேல் இருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. இவற்றுக்கு அந்த ஒரு கேசட்தான். ஒட்டென்ஸ் 2021 மார்ச் 6 அன்று தன் 94-ஆவது வயதில் காலமானார். பிற்காலத்தில் சி.டி. உருவாக்கியதிலும் பங்கு கொண்டவர் அவர். கேசட்டுக்காக உருகுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவர். அவர் சிரிக்கலாம், நமக்குத் தாத்தா குரல் வேண்டுமே.

தயவுசெய்து அந்தக் கேசட்டை எடுத்து நேராகப் பழைய டூ-இன்-ஒன்னில் போட்டுவிடாதீர்கள். முதலில் கீழ்ப்பக்கம் திருப்பி, தகட்டின்மேல் கம்பளித் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது உதிர்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் மெஷின் பாடும், ஆனால் குரல் மங்கும். பிறகு பென்சிலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லேசாகப் போகவேண்டும். இறுகினால் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் பிளேயரில் போட்டால் மேலே சொன்ன இடியாப்பம்தான். உள்ளங்கையில் இரண்டு பக்கமும் நாலு தட்டுத் தட்டினால் சில சமயம் இறுக்கம் விடும்.

விடாவிட்டாலும் பயமில்லை. பெட்டியில்தானே கோளாறு? நாடா அநேகமாக நன்றாகவே இருக்கும். ஸ்க்ரூ போட்ட ஏதாவது ஒரு நல்ல கேசட்டைப் பலியாடாகத் தேர்ந்தெடுங்கள். ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால், தட்டில் பரிமாறிய முறுக்கு மாதிரி இரண்டு சக்கரமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, தாத்தாவின் சக்கரங்களை அதே வரிசையில், அதே பக்கம் பார்க்க இறக்குங்கள். குமிழோடு நாடாவைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப் நழுவாமல் ஒரு கண் இருக்கட்டும். நாடா மூலை ரோலர்களுக்கு வெளிப்பக்கமாக, கம்பளித் துணுக்குக்கு முன்னால் போகவேண்டும். நாடாவின் முகத்தில் விரல் படக்கூடாது. மூடி, ஸ்க்ரூ போட்டு, ஹெட்டையும் ரோலரையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, ஒருமுறை முழுசாக முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, அப்புறம் ப்ளே. முதல் தடவை ஓடும்போதே ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகிப் பதிந்துகொண்டுவிடுங்கள். இரண்டாவது தடவை ஓடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

தாத்தா கேசட் ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய ரகமாக இருந்தால் கொஞ்சம் சிரமம். ஓரத்துப் பிளவில் மெல்லிய கத்தியை வைத்து, நாடா இருக்கும் கீழ்ப்பக்கத்தைத் தொடாமல் முதுகுப் பக்கமாகவே நெம்பித் திறக்கவேண்டும். பெட்டி உடைந்தால் உடையட்டும். அதன்மேல் ஒட்டியிருக்கும் லேபிளை மட்டும் முன்கூட்டியே நனைத்து உரித்து எடுத்து, புதுப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். தேதி, ஊர், யார் கல்யாணம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுதியதும் அநேகமாகத் தாத்தாவாகத்தான் இருக்கும்.